கையில் சகதி யாருக்கு?

இதை எழுத வேண்டாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஒருவர் சுற்றுச்சூழல் இயக்கத்துத் தோழர். "நல்ல காரியம் செய்ய வாற பிள்ளையளுக்க மனச ஒடிச்சிராதீங்க" என்றார். இன்னொருவர் நம் இயக்கத்துக்காரர். "ஊருக்கு ஊர் வெட்டும் குத்தும் நடந்துகொண்டிருக்கிறது, இப்போது போய் தட்டான், தவளை என்று எழுதிக்கொண்டிருக்கிறீர்களே" என்றார். இரண்டு பேரும் சொன்னது ஒரே விஷயம்தான் என்று எனக்குப் படுகிறது. சூழலியல் அவர்களுடையது, சாதி நம்முடையது, இரண்டையும் போட்டுக் குழப்பாதே என்கிறார்கள். குழப்பத்தான் போகிறேன்.

தோவாளை தாலுகாவில், குளத்து மறுகாலுக்குக் கீழே, சானலுக்கும் கழிவோடைக்கும் நடுவில் கிடக்கிறது எங்கள் குடியிருப்பு. 'காலனி' என்ற சொல்லை இனி அரசு ஆவணங்களில் எழுத மாட்டோம் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நல்லது, போர்டில் பேர் போய்விடும். ஓடை எங்கே போகும்? மழை பெய்தால் ஊர்த் தண்ணீர் முழுக்க எங்கள் திண்ணைக்குத்தான் வரும். இந்த இடத்தில் நானும் இன்னும் மூன்று பேரும் சாயங்காலம் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறோம். அங்கேதான் அந்தக் கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். கல்லூரியின் பெயர் வேண்டாம். ஒரு கல்லூரியை மட்டும் கூண்டில் ஏற்றினால் மற்ற கல்லூரிகள் நிம்மதியாகத் தூங்கப் போய்விடும்.

எட்டு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். ஆறிலிருந்து எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்குச் செய்து பார்த்துக் கற்கும் சூழலியல். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நன்றாகத்தான் செய்தார்கள். செம்பருத்திப் பூவை வெந்நீரில் ஊறவைத்துச் சாறெடுத்து, எலுமிச்சை பிழிந்தால் சிவக்கும், சோப்புத் தண்ணீர் விட்டால் பச்சையாகும் என்று காட்டினார்கள். பழைய சி.டி. ஒன்றில் கறுப்பும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்து, கயிறு கட்டிக் குளத்தில் இறக்கி, எத்தனை சாண் ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்துக் கலங்கலை அளந்தார்கள். மீட்டருக்கு மீட்டர் கயிற்றுச் சட்டம் போட்டு அதற்குள் எத்தனை வகைப் புல் என்று எண்ண வைத்தார்கள். சகதியை அரித்து வெள்ளைத் தட்டில் கொட்டி, தட்டான் குஞ்சு கிடந்தால் தண்ணீர் பரவாயில்லை, சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் அது மூச்சுக்காற்று குறைந்த தண்ணீர் என்றார்கள். நம் இரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின் போன்ற ஒன்று அந்தப் புழுவின் உடம்பிலும் இருக்கிறதாம். அதனால்தான் அந்தத் தண்ணீரிலும் அது பிழைக்கிறது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருத்தன் தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்க வீட்டுக்குப் பொறத்தால ஓடையில கெடக்கே அண்ணா, வாரி வாரி எடுக்கலாம்" என்றான். அவனுக்குப் பெருமை, தன் வீட்டுப் பக்கத்துச் சாமான் பாடத்தில் வந்துவிட்டதே என்று.

பள்ளிக்கூடத்தில் கை தூக்காத பிள்ளைகள் இந்த ஞாயிற்றுக்கிழமைகளில் கை தூக்கினார்கள். நான் படித்த காலத்தில் ஆய்வகம் என்றால் பூட்டின கதவு. பரீட்சை அன்றைக்குத்தான் திறக்கும். அன்றைக்கும் நாங்கள் பின் வரிசையில் நின்று, முன்னால் நிற்கிறவன் குழாயில் உறிஞ்சுவதைப் பார்த்து அளவை எழுதிக்கொள்வோம். ஆகவே நான் இந்த முயற்சிக்கு எதிரி அல்ல.

மூன்றாம் வாரம் உணவுச் சங்கிலி. அட்டையில் வெட்டின நெல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து. பிள்ளைகளை வட்டமாக நிற்க வைத்து, ஒவ்வொரு பேரும் சொல்லச் சொல்ல நூலைக் கையில் கொடுத்துக்கொண்டு போனார்கள். "வயல்ல வேற என்ன உண்டு?" நண்டு என்றது ஒரு பிள்ளை. "நண்ட யாரு தின்னும்?" "கொக்கு." "வேற?" "நாங்க தின்போம்." ஒரு சிரிப்பு எழும்பியது. மாணவர் ஒருவரும் சிரித்தார், பக்கத்தில் நின்றவர் கண்ணால் அடக்கினார். ஒரு மாணவி மிகப் பிரியமாகத்தான், "அதெல்லாம் இப்ப யாரும் சாப்பிடறது இல்லடா" என்று சொல்லிவிட்டு அடுத்த அட்டைக்குப் போய்விட்டார். அந்தப் பிள்ளை கைக்கு நூல் வரவில்லை.

நாஞ்சில் நாட்டு வயலின் உணவுச் சங்கிலியை மனுசர் இல்லாமல் எப்படி வரைவது? கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்கும் நடுவில் வேலை இல்லாத நாட்களில் எங்கள் அம்மைமாருக்க சட்டியில் கிடந்தது நண்டும் நத்தையும் அயிரையும்தான். நட்டதும் களை பறித்ததும் அறுத்ததும் சூடடித்ததும் அவர்கள். நெல் ஏன் பத்தாயத்துக்குப் போயிற்று, நண்டு ஏன் சட்டிக்கு வந்தது? இது சூழலியல் கேள்வியா, கூலிக் கேள்வியா, சாதிக் கேள்வியா? பருந்துக்கு மேலே இன்னும் ஒரு அட்டை வேண்டும், அதில் பத்தாயம் வரைய வேண்டும். அழகியபாண்டிபுரம் முதலியார் வீட்டு ஓலைகளில் நிலம் கைமாறினதற்கு எழுத்து இருப்பதுபோலவே ஆள் கைமாறினதற்கும் எழுத்து உண்டு. திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழிக்கிறோம் என்று பிரகடனம் போட்டது 1855இல். அதுவரை புலையரும் பறையரும் மண்ணோடு சேர்த்து எண்ணப்பட்ட உயிர்கள். உயிர்ச்சூழல், உயிர்ச்சூழல் என்று அட்டையில் எழுதுகிறவர்கள் இந்த உயிர்களையும் அதில் ஒரு மூலையில் எழுதலாம்.

நாலாம் வாரம் மரபு அறிவு. எங்கள் தெருவில் எழுபது தாண்டின ஒரு பாட்டியை நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள் (நாற்காலியில் உட்காரவே அவர் கூச்சப்பட்டார்). பாட்டி சொன்னார்: "எண்டிரின் வந்தப் பொறவு, மக்கா, வயலுக்குள்ள எறங்குனா ஒரு சத்தம் கெடையாது. மொதல்ல தவளை செத்து மெதந்துது. பொறவு நண்டுப் பொந்து தூந்து போச்சு. எங்களுக்க கால் வெரல் இடுக்கெல்லாம் வெந்து புண்ணாப் போச்சு. ஏமான்மாருக்கு வெளச்சல் கூடிச்சு. எங்களுக்கு மரக்கால் கூடல்ல." எண்டிரினை இந்தியாவில் தடை செய்தது 1990இல். பாட்டிக்குத் தடை பற்றித் தெரியாது, தவளை பற்றித் தெரியும். மாணவர்கள் அக்கறையாக எழுதிக்கொண்டார்கள். பிறகு அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். தவளை இருந்தது, நண்டு இருந்தது. கால் விரல் இல்லை, மரக்கால் இல்லை. மேலே தலைப்பு, 'நம் முன்னோரின் இயற்கை ஞானம்'.

யாருக்க முன்னோர்? இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. அந்தப் பாட்டி கற்றது குனிந்த முதுகில் நாற்பது வருசம் வெயில் ஏறி வந்த கணக்கு. அவர் விரும்பி எடுத்த பாடம் அல்ல அது. எட்டு வயசில் அவரைப் பள்ளிக்கூடத்தை விட்டு இழுத்து நாற்று முடி சுமக்க விட்டார்கள். தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தால் சிலேட்டைத்தான் எடுத்திருப்பார். இப்போது நகரத்திலிருந்து வருகிறவர்களுக்கு நாங்கள் மண்ணின் மைந்தர், இயற்கையின் குழந்தைகள். இந்த ஞானம் அவ்வளவு உயர்ந்தது என்றால் தங்கள் பிள்ளையைச் சேற்றில் இறக்கி அதை வாங்கிக் கொடுக்க வேண்டியதுதானே? நேற்றுவரை அழுக்கு என்று ஒதுக்கினவர்கள் இன்றைக்குப் புனிதம் என்று கும்பிடுகிறார்கள். இரண்டு சமயத்திலும் எங்களைத் தள்ளித்தான் நிறுத்தியிருக்கிறார்கள்.

ஆறாம் வாரம்தான் காரியம் பிசகியது. குளத்தில் ஆகாயத் தாமரை அகற்றும் களப்பணி. மேலத்தெருப் பிள்ளைகளையும் அழைத்திருந்தார்கள். எல்லாரும் சேர்ந்து செய்யட்டும் என்ற நல்ல எண்ணம்தான். பத்து மணிக்கு நான் போய்ப் பார்க்கிறேன், தண்ணீருக்குள்ளே எங்கள் பிள்ளைகள், இடுப்பளவு சகதியில். கரையில் மேலத்தெருப் பிள்ளைகள், பதாகையைப் பிடித்துக்கொண்டு. மாணவர்களில் நாலைந்து பேர் தண்ணீரில் இறங்கியிருந்தார்கள், பொய் சொல்லக் கூடாது. ஆனால் பிள்ளைகளில் யார் இறங்குவது, யார் கரையில் நிற்பது என்று ஒருவரும் உத்தரவு போடவில்லை. தானாகவே நடந்துவிட்டது. "இவனுவளுக்குப் பழக்கம் உண்டு சார்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. கரையில் நின்றவர்களின் வீட்டில் சொறி வரும், இறங்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்களாம். அந்தச் சொறி எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் சாதி பார்த்து விலகிப் போகுமா?

செய்து கற்றல், கையால் கற்றல் என்று இந்தக் கல்விமுறைக்குப் பேர். உலகம் முழுக்கப் பேசுகிறார்கள், நல்ல முறைதான். ஆனால் கையையும் தலையையும் வேறு வேறு ஆட்களுக்குப் பங்கு வைத்துக் கொடுத்த நாடு இது. கையால் மலம் அள்ள வைப்பதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம் போட்டு, அது எடுபடாமல் 2013இல் இன்னொரு சட்டம் போட்ட நாடு. பள்ளிக்கூடத்துக் கக்கூஸைக் கழுவ எந்தத் தெருப் பிள்ளையைக் கூப்பிடுவார்கள் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பிள்ளையிடம் போய் 'வா, கையால் செய்து கற்போம்' என்று சகதியைக் காட்டினால் அதற்கு அது புது வகுப்பாகத் தெரியுமா? மேலத்தெருப் பிள்ளை ஒருநாள் சகதியில் இறங்கினால் அது கல்வி. எங்கள் பிள்ளை இறங்கினால் அது பழைய வேலை. இந்த வித்தியாசம் தெரியாமல் யாரும் வலைக்கரண்டியைத் தூக்கிக்கொண்டு சேரிக்குள் வரக் கூடாது என்பது என் கட்சி.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல், காந்தி நூற்றாண்டில் தொடங்கியது. ஒரு மாணவர் இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும். எங்கள் பிள்ளைகள் அன்றைக்குச் சகதியில் நின்றது மூன்று மணி நேரம். அது யார் கணக்கில் ஏறியது? சான்றிதழ் யாருக்கு வந்தது? குடிமராமத்து என்று ஒன்றை 2017இல் தமிழ்நாடு அரசு மறுபடியும் கொண்டுவந்தபோது பத்திரிகைகளெல்லாம் பழைய ஊர் ஒற்றுமையைப் பாடின. திருவிதாங்கூரில் ஊழியம் என்று ஒரு சொல் இருந்தது. கூலி கிடையாது, வராமல் இருக்கவும் முடியாது. கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேல் குளங்கள் என்று மேடையில் பேசும்போது கைதட்டுகிறோம். அத்தனைக் கரைக்கும் மண் சுமந்த தலை எது, மடை திறந்தால் முதல் தண்ணீர் பாய்ந்த வயல் எது என்று கேட்டால் 'அதை எதுக்கு இப்போ' என்கிறார்கள்.

சரி, ஏழாம் வாரத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

ஒரு சின்னக் குப்பி. உள்ளே மருந்து தடவின காகிதம். குடிக்கிற தண்ணீரைக் கோடுவரை ஊற்றி மூடி, வெயில் படாமல் ஒரு நாள், இரண்டு நாள் வைக்க வேண்டும். மலத்தோடு சேர்ந்து வரும் நுண்ணுயிர்கள் இருந்தால் அவை அழுகின முட்டை நாற்றமுள்ள கந்தக வாயுவை உண்டாக்கும். அது காகிதத்திலுள்ள இரும்போடு சேர்ந்து தண்ணீர் கறுத்துவிடும். விலை குறைவு, மின்சாரம் வேண்டாம், பிள்ளைகள் கையாலேயே செய்யலாம். மாணவர்கள் இரண்டு குப்பிதான் கொண்டுவந்திருந்தார்கள். இரண்டிலும் எங்கள் தெருக் குழாய்த் தண்ணீரையே பிடிக்கப் போனார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "ரெண்டும் ஒரே தண்ணிதானே அக்கா? ஒண்ணு அங்க புடிப்போமா?" அங்கே என்றால் மேலத்தெரு. மாணவி ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு தானே போய்ப் பிடித்துக்கொண்டு வந்தார். இரண்டு நாள் கழித்து மேலத்தெருக் குப்பி தெளிவாக இருந்தது, எங்கள் குப்பி மை மாதிரி இருந்தது.

பிள்ளைகள் சார்ட் வரைந்தார்கள். குளம், தொட்டி, இரண்டு தெரு, இரண்டு குழாய், நடுவே கழிவோடை. எங்கள் குழாய் ஓடைக்குள்ளே முங்கி வருவதை யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவர்களே வரைந்தார்கள். தினமும் தாண்டிப் போகிற இடம்தானே. இரண்டு குப்பியையும் அச்சாக வரைந்து ஒன்றுக்குக் கறுப்பு அடித்தார்கள். தமிழில் தலைப்பு வைத்தார்கள்: 'ஒரே தொட்டி, ரெண்டு தண்ணி'.

எட்டாம் வாரம் கல்லூரியில் கண்காட்சி. பிள்ளைகளை வேனில் ஏற்றிப் போனார்கள். செம்பருத்திச் சாறு இருந்தது, சி.டி. வட்டு இருந்தது, பறவைப் படங்கள் இருந்தன. அந்தச் சார்ட் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் ஒழிப்பு. கேட்டேன். பொறுப்பாளர் பொறுமையாகப் பேசினார்: "ஒரு தடவ செஞ்ச சோதனைய வச்சு முடிவுக்கு வரக் கூடாது. குப்பி சுத்தமில்லாம இருந்திருக்கலாம். கை பட்டிருக்கலாம். அதோட, இதுல தெருப் பேரெல்லாம் வருது. சூழலியல்ல சாதியக் கொண்டு வராதீங்க."

முதல் பாதியில் நியாயம் உண்டு. அந்தக் குப்பி கறுப்பதற்கு மலம் தவிர வேறு காரணங்களும் இருக்கலாம், அது முதல் எச்சரிக்கை மட்டும்தான். ஒரு சோதனை போதாது என்பது அறிவியல். அப்படியானால் இன்னும் பத்துக் குப்பி கொண்டு வர வேண்டியதுதானே? சந்தேகம் வந்தால் திரும்பச் செய்து பார் என்று பிள்ளைகளுக்கு ஏழு வாரம் சொல்லிக்கொடுத்தவர்கள் எட்டாம் வாரம் சந்தேகம் வந்ததும் சார்ட்டைச் சுருட்டி மேசைக்கு அடியில் வைத்தார்கள். செம்பருத்திச் சாறு பச்சையானபோது யாரும் 'ஒரு தடவை போதாது' என்று சொல்லவில்லையே.

இரண்டாம் பாதிக்குப் பதில் சொல்கிறேன். சாதியை நாங்கள் கொண்டு வரவில்லை, குழாய் கொண்டு வந்தது. இந்த நாட்டில் தண்ணீரைப் பற்றி ஒரு பாடம் எழுதுவதென்றால் அதில் 1927 மார்ச் 20 வர வேண்டும். அன்றைக்கு மகாட்டில் சவதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார், பின்னால் ஆயிரக்கணக்கில் நம் மக்கள் குடித்தார்கள். பிறகு சாதி இந்துக்கள் அந்தக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். எதனால்? 108 குடத்தில் சாணியும் மூத்திரமும் பாலும் தயிரும் கலந்து குளத்தில் ஊற்றி! எந்த ஆய்வகத்திலும் கேட்டுப் பாருங்கள், குளத்தில் சாணி கரைந்தால் தண்ணீரின் மூச்சுக்காற்று குறையும், தட்டான் குஞ்சு போய்ச் சிவப்புப் புழு வரும். மனிதன் தொட்டால் தீட்டு, சாணி கொட்டினால் தூய்மை. பார்ப்பனியத்தின் நீரியல் இதுதான். அந்தக் குளத்தில் உரிமை உண்டு என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்ல 1937 ஆயிற்று. இதைவிடச் சிறந்த சூழலியல் பாடம் எனக்குத் தெரியவில்லை. எந்தச் சூழலியல் வகுப்பிலும் இதை நடத்தி நான் பார்த்ததில்லை.

பழைய கதை என்பார்கள். புதுக்கோட்டை வேங்கைவயலில் 2022 டிசம்பரில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்து, தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொல்லி, தலித் மக்கள் மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தால் உள்ளே மலம். அந்தத் தண்ணீரையும் சோதித்தார்கள், ஆட்களின் டி.என்.ஏ.வையும் சோதித்தார்கள். முடிவில் 2025 ஜனவரியில் அதே தெருவைச் சேர்ந்த மூன்று தலித் இளைஞர்கள் மேல் குற்றப்பத்திரிகை வந்தது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. சோதனைக் குழாய்க்குச் சாதி கிடையாது, அதைக் கையில் வைத்திருக்கிறவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அதனால்தான் குழாய் எங்கள் பிள்ளைகள் கைக்கும் வர வேண்டும் என்கிறேன்.

பழைய திருவிதாங்கூரில், இங்கிருந்து மேற்கே நெய்யாற்றின்கரைப் பக்கம் ஊருட்டம்பலத்தில், பஞ்சமி என்ற புலையர் சிறுமியை அய்யன்காளி கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார். 1910ஆம் ஆண்டு வாக்கில். பள்ளிக்கூடத்தையே கொளுத்தினார்கள். கருகின பெஞ்சு ஒன்று இன்றும் அங்கே இருக்கிறது. இப்போது பள்ளிக்கூடத்தை யாரும் கொளுத்துவதில்லை. சார்ட்டைச் சுருட்டி வைக்கிறார்கள். தோள்சீலைப் போராட்டத்தை நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிற வீட்டுப் பிள்ளைகளும் அந்தக் கண்காட்சியில் இருந்தார்கள். அவர்களும் ஒன்றும் கேட்கவில்லை என்பது எனக்குக் கூடுதல் வருத்தம்.

அரசாங்கத்தின் பங்கு தனி. சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கு என்று உச்ச நீதிமன்றம் 1991இல் சொன்னது. 2001-02இல் தேசிய பசுமைப் படை வந்தது. பள்ளிக்கு ஒரு மன்றம், மன்றத்துக்கு முப்பது முதல் ஐம்பது பிள்ளைகள். 2022 நவம்பரில் வானவில் மன்றம் என்று நடமாடும் ஆய்வகம், 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்கு. திருச்சி காட்டூரில் ஒரு ஆதிதிராவிடர் நலப் பள்ளியில்தான் முதலமைச்சர் அதைத் தொடங்கி வைத்தார். பாராட்ட வேண்டியதைப் பாராட்டுகிறேன், அரசுப் பள்ளிப் பிள்ளை கையில் கருவி வருவது சின்ன விஷயம் இல்லை. ஆனால் உன் தெருத் தண்ணீரையும் அடுத்த தெருத் தண்ணீரையும் பக்கத்தில் வைத்துப் பார் என்று சொல்லிக்கொடுக்கிறவரை இந்தப் பக்கம் நான் இன்னும் சந்திக்கவில்லை. மரம் நடு, பிளாஸ்டிக் பொறுக்கு. பொறுக்குவது யார் என்று மறுபடியும் சொல்ல வேண்டாம்.

2022இல் நம் மாவட்டத்தில் இரண்டு இடங்கள் ராம்சார் பட்டியலில் ஏறின. சுசீந்திரம் தேரூர் 94.23 ஹெக்டேர், வேம்பனூர் 19.75 ஹெக்டேர். புள்ளி வைத்து அளந்திருக்கிறார்கள். பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் வரட்டும், எனக்கும் பார்க்கப் பிடிக்கும். தேரூர்க் கரையில் விடியற்காலம் நின்றால் ஊர் மறந்து போகும். ஆனால் அந்தக் குளங்களைச் சுற்றி வாழ்கிற எங்கள் சனத்தின் குழாயில் என்ன வருகிறது என்று எண்ண ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கவில்லையே.

இனி நம் தோழர்களிடம் ஒரு வார்த்தை. தட்டான், தவளை என்று கேலி பேசாதீர்கள். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மணலை அள்ளியபோது, எண்டிரின் அடித்தபோது, குளத்தைத் தூர்த்து மனை போட்டபோது முதலில் அடிபட்டது கூலிச் சனமும் மீனவச் சனமும்தான். அப்போது நாம் அதை வேறு யாருக்கோ உள்ள பிரச்சினை என்று விட்டோம். நான் உட்பட. வயல் போனால் வேலை போகும் என்று மட்டும் பேசினோம், நண்டு போனதைப் பேசவில்லை. அதைப் பேசும் உரிமையை வேட்டி மடிப்புக் கலையாத இயற்கை ஆர்வலர்களுக்கு விட்டுக்கொடுத்தது நம் தப்பு. இடஒதுக்கீட்டுக்கும் பஞ்சமி நிலத்துக்கும் போராடுகிற அதே மூச்சில் ஒரு குப்பித் தண்ணீருக்கும் போராடலாம், மூச்சு தீர்ந்துவிடாது.

கண்காட்சி முடிந்து வந்த ராத்திரி பிள்ளைகள் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை வந்து, "சார், குப்பி எங்க கெடைக்கும்? வெல என்ன?" என்று கேட்டாள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஐந்து வாங்கினோம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, குழாய் வாயைத் தீயில் காட்டி, ஐந்து நாள் ஐந்து குப்பி எங்கள் குழாயிலேயே பிடித்தார்கள். நாலு கறுத்தது. பஞ்சாயத்தில் கொண்டுபோய் மேசைமேல் வைத்தோம். ஒருவர் மூக்கைப் பொத்தினார். மூன்றாம் நாள் ஆள் வந்து தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டுப் போனார். குழாய் இன்னும் ஓடைக்குள்ளேதான் கிடக்கிறது.

போன மாதம் அந்த மாணவி மட்டும் தனியாகப் பேருந்தில் வந்தார். சுருட்டி வைத்த சார்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். பையில் பன்னிரண்டு குப்பி இருந்தது. "ஆறு இங்க, ஆறு அங்க. எழுதி வச்சுட்டு முறையாச் செய்வோம் சார்" என்றார். நண்டு தின்கிற பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். மேலத்தெருவில் ஆறு வீட்டுக் குழாயில் தண்ணீர் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டுப் பிள்ளைகள் கையெழுத்துப் போட்டுக் கடிதம் எழுதினார்கள். தெருப் பெரியவரிடம் கொடுத்து இன்றைக்குப் பதினேழு நாள் ஆகிறது. பதில் வரவில்லை. குப்பிகள் எங்கள் வகுப்பு அலமாரியில், வெயில் படாமல் இருக்கின்றன.